வருகைப் பதிவேடும் மாணவர் பொறுப்பும்

கல்லூரி வகுப்புகளுக்கு மாணவர் தவறாது வரவேண்டும் என விதிப்பது தகுமா, அன்றி வருவதையும் வாராதிருப்பதையும் அவர்தம் பொறுப்பிலேயே விட்டுவிடலாமா என்னும் வினா கல்வியாளரிடையே மீண்டும் எழுந்துள்ளது. பதினெட்டு வயது நிரம்பியோர் வாக்களிக்கலாம் என 1989இல் நம் அரசியலமைப்பு திருத்தப்பட்ட பின்னும், அதே வயதினரை வகுப்பறையில் பெயர் கூப்பிட்டு எண்ணுவது முறையா என ஒரு சாரார் கேட்கின்றனர். விதியைத் தளர்த்தினால் வகுப்பறைகள் வெறுமையாகும் என மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இறையியல் கல்லூரிகளில் கற்பிப்போராகிய நமக்கும் இவ்வினா புறம்பானதன்று. நம் மாணவருள் சிலர் விடுதியில் தங்கிக் கற்கின்றனர்; சிலர் சபைப்பணியில் இருந்துகொண்டே வெளிநிலை மாணவராகக் கற்கின்றனர்; வேறு சிலர் கணினித் திரையின் வாயிலாக நம் விரிவுரையைக் கேட்கின்றனர். இவர்களுள் யார் வந்தவர், யார் வாராதவர் என முடிவுசெய்யும் பொறுப்பு நம்மிடம் உள்ளது.

சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் நாம் கண்கூடாகக் காணும் செய்திகள் சிலவற்றை முதலில் நோக்குவோம். பின்னர்த் திருமறையின் ஒளியில் இவ்வினாவை ஆராய்ந்து, நம் கல்லூரிகளுக்கு ஏற்ற வழி யாதெனக் காண முயல்வோம்.

1. விதியும் அதன் வரலாறும்

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பொதுவாக வழங்கும் ஒழுங்கு யாவரும் அறிந்ததே. ஒரு பருவத்தின் வேலை நாள்களில் 75 விழுக்காடு வந்தவர் தேர்வெழுதலாம். 65 முதல் 74 விழுக்காடு வரை வந்தவர் தக்க காரணம் காட்டிக் கட்டணம் செலுத்தி விலக்குப் பெறவேண்டும். அதனினும் குறைந்தவர் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கவேண்டும். பாதி நாளும் வாராதவர் அப்பருவத்தையே மீண்டும் படிக்கவேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள்கள் எனக் கொண்டால், 68 நாள் வந்தவர்க்குத் தடையில்லை. 67 நாள் வந்தவர் விலக்குக் கேட்டு நிற்கவேண்டும். எண்ணிக்கையால் ஆளும் எவ்விதியிலும் இத்தகைய கோடு ஒன்று இருந்தே தீரும்.

ஆயினும் வகுப்பில் அமர்ந்தவரே கற்றவர் என்னும் எண்ணம் நம் பல்கலைக்கழகக் கல்வியின் தொடக்கத்திலிருந்தே மாறாது நின்ற ஒன்றன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டபோது, கற்பிப்பது கல்லூரிகளின் பணியாகவும், தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் பணியாகவும் இருந்தன. மாதிரியாக நின்ற லண்டன் பல்கலைக்கழகமோ, அடுத்த ஆண்டாகிய 1858இலேயே எக்கல்லூரியிலும் சேராதவரும் தன் தேர்வுகளை எழுதலாம் என வழி திறந்தது.

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியை மேற்கொண்டன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. மயிலாப்பூரில் 1946இல் நிறுவப்பட்ட விவேகானந்தா கல்லூரியின் வளாகத்தில் மாலைக் கல்லூரி ஒன்றும் நடந்துவருகிறது. பகலில் அலுவலகத்திலும் கடையிலும் உழைத்து மாலையில் பாடம் கேட்டவர்களும், மணமான பின் வீட்டிலிருந்தே அஞ்சல்வழியில் பட்டம் பெற்ற பெண்களும் நம் சபைகளில் பலர் உளர். எனவே, நெகிழ்வான வருகை என்பது இன்று புதிதாக வந்த நாகரிகமன்று. வகுப்பறைக்குப் பகலில் வர இயலாதவருக்கும் கல்வியில் பங்குண்டு என்பதை நம் நாடு நெடுநாள்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது.

2. ஒரே வளாகத்தில் இரு முறைகள்

அடையாற்றை அடுத்து 1959இல் நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இவ்வகையில் நமக்கு நல்ல பாடமாகும். அவ்வளாகத்தில் தங்கிப் பயிலும் மாணவருக்கு 85 விழுக்காடு வருகை வேண்டும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விதி. 40 மணி நேரம் நடைபெறும் பாடத்தில் 34 மணி நேரம் அமர்ந்திருத்தல் வேண்டும். இதே நிறுவனம் 2020இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கிற்று. அதில் விரிவுரைகள் காணொளிகளாக உள்ளன. மாணவர் நள்ளிரவிலும் கேட்கலாம், விடியற்காலையிலும் கேட்கலாம். ஒரே விரிவுரையை மும்முறையும் கேட்கலாம். அவர் திண்டிவனத்திலிருந்து கேட்கிறாரா, தியாகராய நகரிலிருந்து கேட்கிறாரா என எவரும் வினவுவதில்லை.

ஆயின் இந்த இரண்டாம் முறையில் கட்டுப்பாடே இல்லை எனக் கருதுவது பிழையாகும். வாரந்தோறும் ஒப்படைப்புகளைக் குறித்த நாளுக்குள் அனுப்பவேண்டும். அவற்றில் போதிய மதிப்பெண் பெறாதவர் இறுதித் தேர்வை எழுத இயலாது. தேர்வுகளுக்கு மாணவர் குறித்த மையத்துக்கு நேரில் வந்தே ஆகவேண்டும். சேரும்போதே நான்கு வாரப் பாடத்தைக் கற்றுத் தகுதித் தேர்வில் தேறவேண்டும். இங்கு நெகிழ்ந்தது விரிவுரையைக் கேட்கும் நேரமும் இடமும் மட்டுமே. உழைப்பின் அளவும் கணக்குக் கொடுக்கும் நாளும் நெகிழவில்லை.

இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். கல்வியில் எதையேனும் நெகிழச் செய்பவர், எதை நெகிழாது நிறுத்துகிறார் என்பதையும் உடன் கூறக் கடமைப்பட்டவர். உடன் கூறாதவர் மாணவருக்குச் சுதந்திரம் அளித்தவராகார். அவரைத் தனியே விட்டவராவார்.

3. ஆய்வுகள் உணர்த்துவன

வருகைக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் குறித்து மார்கஸ் கிரெடே என்பவரும் அவருடைய உடனாய்வாளர் இருவரும் அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். தவறாது வகுப்புக்கு வருவோர் உயர்ந்த மதிப்பெண் பெறுகின்றனர் என்பதும், இத்தொடர்பு மிக வலிமையானது என்பதும் அதன் முதல் முடிபாகும். ஆயினும் வருகையைக் கட்டாயமாக்கும் விதியால் மதிப்பெண்ணில் விளையும் உயர்வு சிறிதே என்பது அதன் மற்றொரு முடிபு. வகுப்புக்கு வருவது நன்மையே. ஆனால் வற்புறுத்தி வரச்செய்வதால் அந்நன்மை முழுவதும் கிட்டிவிடாது எனலாம்.

2024இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இதனினும் சிந்தனைக்குரியது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சைமன் கல்லன், டேனியல் ஒப்பன்ஹைமர் என்னும் இருவரும் மாணவரிடமே தெரிவை ஒப்படைத்தனர். தம் வருகையைக் கட்டாயமாக்கிக்கொண்டு அதற்கு மதிப்பெண் பெறுவதா, அக்கட்டு இல்லாதிருப்பதா என ஒவ்வொரு மாணவரும் தாமே முடிவுசெய்யலாம். மிகப் பெரும்பான்மையோர் கட்டாயத்தையே தெரிந்துகொண்டனர். அது மட்டுமன்று, மேலிருந்து விதிக்கப்பட்ட கட்டாயத்துக்கு உட்பட்ட மாணவரைக் காட்டிலும் இவர்கள் ஒழுங்காகவும் வந்தனர். அயல்நாட்டுக் கல்லூரி ஒன்றின் அனுபவத்தை நம் நிலைக்கு அப்படியே பொருத்தலாகாது என்பது மெய்யே. எனினும், தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் உரிமை பெற்றவர் அக்கட்டை மதிக்கிறார் என்னும் இவ்வுண்மை, திருமறையைக் கற்றோருக்குப் புதிதன்று. யோசுவா சீகேமில் மக்களைக் கூட்டி, எவரைச் சேவிப்பது என அவர்களே தெரிந்துகொள்ளும்படி விட்டார். அவர்கள் தெரிந்துகொண்ட பின்னரே உடன்படிக்கை செய்து, அதற்குச் சாட்சியாகக் கல்லை நாட்டினார் (யோசுவா 24). தெரிவு முதலில் வந்தது. கட்டுப்பாடு அதைத் தொடர்ந்தது.

4. பதிவேடு காணாதவை

இனி விதியின் மறுபக்கத்தை நோக்குவோம். வருகைப் பதிவேடு ஒரு மாணவர் வரவில்லை என்பதை மட்டும் அறியும். ஏன் வரவில்லை என்பதை அறியாது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளை மூழ்கடித்தது. புத்தகங்களையும் சான்றிதழ்களையும் வெள்ளத்துக்குக் கொடுத்த மாணவரின் வாராமைக்கும், கடற்கரையில் பொழுதுபோக்கியவரின் வாராமைக்கும் பதிவேட்டில் ஒரே குறிதான் உண்டு. வெள்ளத்தை யாவரும் கண்டமையால் விலக்கு அளிப்பது எளிது. ஒரு வீட்டுக்குள் மட்டும் புகும் வெள்ளத்தை யார் காண்பார்?

இங்கு எம் தவறு ஒன்றை அறிக்கையிடுதல் தகும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பித்த கல்லூரி ஒன்றில், அமைதியும் அறிவும் வாய்ந்த மாணவர் ஒருவரின் வருகை 58 விழுக்காடாகக் குறைந்தது. தேர்வெழுதத் தகுதியற்றோர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, நாம் கையொப்பமிட்டோம். அவர் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முன் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் துணிக்கடை ஒன்றினுள் நுழைந்தபோது, புடவைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அவரே. தந்தை நோயுற்றதால் தங்கையின் படிப்புச் செலவுக்காக முந்திய ஆண்டே அக்கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்ததாகவும், பண்டிகைக் காலத்தில் காலை முதல் இரவு வரை நிற்கவேண்டியிருந்ததாகவும் கூறினார். "முன்பே சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றோம். "ஐயா, யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். அவர் குரலில் மனக்கசப்பு இல்லை. அதனாலேயே அச்சொல் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

விதி தவறன்று, 58 என்பது 75 ஆகாது. ஆனால் மூன்று மாத காலம் நாள்தோறும் அவர் பெயருக்கு எதிரே குறியிட்ட நாம், ஒருநாளும் அவரைத் தேடிச் செல்லவில்லை. எண்ணும் பணியைச் செம்மையாகச் செய்தோம். எண்ணுவதன் நோக்கத்தை மறந்தோம். கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை அளிக்கவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்திற்று. நாள் முழுவதும் நிற்பவரின் கால்வலியைச் சட்டமன்றம் எண்ணிப் பார்த்தது. அவருக்கு ஆசிரியராயிருந்த நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தகைய கவனக்குறைவு உயிரிழப்பிலும் முடியக்கூடும். 2016இல் டெல்லியில், வருகைக் குறைவால் தேர்வெழுதத் தடைபெற்ற சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதனையொட்டி எழுந்த வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. வருகைக் குறைவை மட்டும் காரணமாகக் கொண்டு சட்ட மாணவரைத் தேர்விலிருந்து தடுக்கலாகாது என்றும், வருகை நிலையை வாரந்தோறும் மாணவருக்கும் மாதந்தோறும் பெற்றோருக்கும் தெரிவிக்கவேண்டும் என்றும், குறைந்தவருக்கு மேலதிக வகுப்புகள் நடத்தவேண்டும் என்றும் அது கூறிற்று. பதிவேட்டை ஒழிக்குமாறு அந்நீதிமன்றம் கூறவில்லை என்பதை நோக்கவேண்டும். பருவத்தின் முடிவில் தண்டிப்பதற்காக வைத்திருந்த கணக்கை, பருவத்தின் நடுவில் மாணவரைத் தாங்குவதற்காகப் பயன்படுத்துக என்பதே அதன் கருத்து எனலாம்.

5. வாராத தோமா

மயிலாப்பூரில் இவ்வினாவைச் சிந்திப்போருக்குச் சாந்தோம் பேராலயத்தின் கோபுரம் ஒரு சீடரை நினைவூட்டும். தோமா இங்கு அடக்கம் செய்யப்பட்டார் என்பது தொன்மரபு. அம்மரபின் வரலாற்றுச் சான்றுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான்காம் நற்செய்தி அவரைப்பற்றித் தரும் செய்தி ஒன்றே இங்கு நமக்கு வேண்டுவது: உயிர்த்த ஆண்டவர் சீடரிடையே தோன்றிய முதல் நாள் மாலையில் அவர் அங்கு இல்லை (யோவான் 20:24-29).

அவர் ஏன் வரவில்லை என நற்செய்தியாளர் கூறவில்லை. அச்சமோ, துயரமோ, தனிமை வேண்டுமென்னும் விருப்பமோ, நாம் அறியோம். ஆனால் மற்றச் சீடர் செய்ததை நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். தாங்கள் கண்டதை அவர்கள் அவருக்கு அறிவித்தனர். அவர் நம்ப மறுத்தபோதும் அவரைக் கூட்டத்தினின்று விலக்கவில்லை. எட்டு நாள்களுக்குப் பின் அவர்களோடு அவரும் இருந்தார். ஆண்டவர் வந்தபோது, முன்னாள் நிகழ்ந்ததை இனி மீட்க இயலாது எனக் கூறாமல், அவர் கேட்டதையே அவருக்குக் காட்டினார். வாராதவருக்காக அப்பாடம் இரண்டாம் முறை நடந்தது.

இப்பகுதியில் மூவகைப் பொறுப்பை நாம் காண்கிறோம். தோமா மீண்டும் வந்தது மாணவரின் பொறுப்பு. தாம் கண்டதை அவருக்கு அறிவித்து அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டது உடன்மாணவரின் பொறுப்பு. அவருடைய ஐயத்துக்கு ஏற்றவாறு மீண்டும் வெளிப்பட்டது ஆசிரியராகிய ஆண்டவரின் அருள். மாணவர் பொறுப்பைப்பற்றி நாம் பேசும்போதெல்லாம் முதலாவதை மட்டும் கூறி, ஏனைய இரண்டையும் மறந்துவிடுகிறோம். நூறு ஆடுகளுள் ஒன்று குறைவதை மேய்ப்பன் அறிந்தது அவன் எண்ணியதால்தான் (லூக்கா 15). ஆயினும் எண்ணி முடித்ததோடு அவன் பணி முடியவில்லை. அதன் பின்னரே அவன் வழிநடந்தான். நம் வருகைப் பதிவேடும் அத்தகைய எண்ணிக்கையாக இருத்தல் வேண்டும்.

6. இறையியல் கல்வியில் நெகிழ்வு

இறையியல் கல்வியில் நெகிழ்வான முறை நமக்குப் புதிதன்று. 1963இல் குவாத்தமாலா நாட்டில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி ஒன்று, மாணவர் கல்லூரிக்கு வருவதற்கு மாறாகக் கல்லூரியே மாணவர் ஊர்களுக்குச் செல்லும் முறையைத் தொடங்கிற்று. குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவர இயலாத சபைத் தலைவர்களுக்காக இது எழுந்தது. விரிவாக்க இறையியல் கல்வி எனப்படும் இம்முறை 1970களின் தொடக்கத்தில் பெங்களூரை மையமாகக் கொண்ட 'டாஃப்டி' அமைப்பின் வாயிலாக இந்தியாவிலும் பரவிற்று. செராம்பூர் செனட்டும் வெளிநிலைப் படிப்புகளை நடத்திவருகிறது.

இம்முறை மூன்று தூண்களின்மேல் நின்றது: மாணவர் தாமே கற்கும் பாடநூல், தம் சபையில் ஆற்றும் பணி, ஆசிரியரோடும் உடன்மாணவரோடும் தவறாது கூடும் வகுப்பு. முதல் இரண்டையும் மாணவர் தம் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். மூன்றாவது நெகிழாதது. தனியே கற்ற சொல்லை ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிச் சோதித்தறியும் இடம் அதுவே. எபிரெயருக்கு எழுதிய ஆசிரியரும் கூடிவருதலையும் ஒருவரையொருவர் ஊக்குவித்தலையும் சேர்த்தே பேசுகிறார் (எபிரெயர் 10:24, 25). கூடிவராதவர் தாம் பெறவேண்டிய ஊக்கத்தை மட்டும் இழப்பதில்லை. பிறருக்குத் தரவேண்டியதையும் தராமற்போகிறார். வருகை என்பது தன் நலனைப் பொறுத்தது மட்டுமே என்னும் கருத்து இதனால் குறைவுடையதாகிறது.

7. சில பரிந்துரைகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில் நம் கல்லூரிகளின் கவனத்துக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பாடத்திலும் நெகிழக்கூடியது எது, நெகிழாதது எது என ஆசிரியர் முதல் வாரத்திலேயே அறிவிக்கவேண்டும். எபிரெய, கிரேக்க மொழிகளின் சொற்பட்டியலையும் திருச்சபை வரலாற்று விரிவுரையையும் ஒலிப்பதிவாகத் தரலாம். பிரசங்கப் பயிற்சி, மருத்துவமனை ஊழியம், கலந்துரையாடல் ஆகியவற்றை அவ்வாறு தர இயலாது. நோயாளியின் கட்டிலருகே நிற்பதற்கு மாற்று ஏதுமில்லை.

இரண்டாவது, விரிவுரை வகுப்புகளுக்கு மாணவரே தம் வழியைத் தெரிந்துகொள்ளட்டும். தவறாது வருவதாக உடன்படுவோர் ஒரு வழியும், வாரந்தோறும் எழுத்துப்பணி ஒன்றை ஒப்படைப்போர் மற்றொரு வழியும் மேற்கொள்ளலாம். தெரிவை எழுதிக் கையொப்பமிடுவதும், பருவத்தின் நடுவில் ஒருமுறை மாற்றிக்கொள்ள இடமளிப்பதும் நன்று.

மூன்றாவது, தொடர்ந்து மூன்று நாள் வாராதவரை அவ்வாரத்துக்குள்ளேயே ஆசிரியரோ உடன்மாணவரோ சந்திக்கவேண்டும். விசாரணைக்காக அன்று, நலம் அறிவதற்காகவே.

நான்காவது, வருகைக் குறைவுக்குக் கட்டணம் பெறும் வழக்கம் இறையியல் கல்லூரிக்கு ஏற்றதன்று. வறுமையால் வாராதவரிடம் அவ்வறுமையைக் கூட்டும் தண்டனை அது. தவறிய பாடத்தை ஈடுசெய்யும் பணியே தகும்.

ஐந்தாவது, வாராத தோழனுக்காகக் குரல் கொடுப்பதும் கையொப்பமிடுவதும் மாணவர் வழக்கில் 'பிராக்ஸி' என விளையாட்டாகக் கொள்ளப்படுகின்றன. நாளை திருமணப் பதிவேட்டிலும் சபைக் கணக்கிலும் கையொப்பமிடப்போகும் ஆயருக்கு இது விளையாட்டாகாது. தோழனுக்கு உண்மையில் உதவ விரும்புவோர் அவன் பெயருக்குக் குரல் கொடுப்பதை விடுத்து, அவன் அறைக்குச் சென்று பார்ப்பார்களாக.

இறுதியாக, உடன் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறை வெறுமையாகும் என்னும் அச்சத்தால் மட்டும் விதியைப் பற்றிக்கொள்ளும் நாம், வருவோருக்கு அங்கு என்ன தருகிறோம் எனவும் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் தகும். இருபது ஆண்டுகளாக மாறாத குறிப்பேட்டை வாசிப்பதைக் கேட்பதற்காக 21ஜி பேருந்தில் நெரிசலில் நின்று வந்த மாணவர், அடுத்த நாள் வாராதிருந்தால் குற்றம் அவருடையது மட்டுமன்று. மாணவர் பொறுப்போடு வரவேண்டும். வந்தவர் பசியோடு திரும்பாதபடி நாம் ஆயத்தத்தோடு நிற்கவேண்டும். வாராதவர் பெயருக்கு எதிரே குறியிடும்போது, அன்று மாலையே அவரைத் தேடவேண்டும் என்பதையும் நினைவில் கொள்வோமாக.